ஜாமீன் மீது போட்ட வழக்கு

செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய வார்டரம்மாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். வைத்தது நானில்லை, நீங்கள். எப்படியோ, இனி போன் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், யாரும் கேட்பதில்லை. காகிதம் குறுக்கே பேசாது.

நீங்கள் கேட்காமல் விட்டதை எழுதுகிறேன். என் மகளின் முயல்கள் நாலு. தையல் கடை வீட்டில் பிறந்த வாண்டு, கடையில் காதில் விழுந்ததையே பெயராக வைத்தாள்: பொத்தான், நாடா, காஜா, பாபின். உங்கள் அண்ணன் கோழி வலை வாங்கி வந்து கொல்லையில் கூண்டு கட்டிக் கொடுத்தார். போன சனிக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் வலை கிழிந்து கிடந்தது. வெள்ளை முயல் நாடா கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. பழுப்பு நிற காஜா வெளியே, உங்கள் நாயின் முன்னங்கால்களுக்கு நடுவில். நாயின் வாயில் ஒரு கொத்துப் பழுப்பு முடி. வலைக் கம்பியில் மாட்டி நாய் தன் காதையும் கிழித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கையும் களவுமாக என்பது இதுதான்.

வாண்டு அழவில்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. நாயின் வாயிலிருந்து அந்த முடியைத் தானே எடுத்து, பென்சில் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாள். "இது என் காஜாவோடது. யாரும் தொடக் கூடாது" என்றாள். அதோடு சரி. நானும் தொடவில்லை.

அந்த ஊர்ச் சிறைக்கு மாற்றலாகிப் போகும்போது "ஒரு வருஷம்தான் அண்ணி, பாத்துக்குங்க" என்று சொல்லி உங்கள் நாய் ஜாமீனை விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது இரண்டு வருடம். இந்த மாதக் கடைசிக்குள் வந்து அழைத்துப் போங்கள். இல்லையென்றால் பிராணிகள் காப்பகத்துக்குப் போன் செய்வேன். வண்டி அனுப்புகிறார்களாம், விசாரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணி,

உங்கள் "மதிப்பிற்குரிய" கிடைத்தது. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

போன் வேண்டாம் என்றதில் எனக்கு மறுப்பே இல்லை. குடியிருப்பில் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். சண்டை போடுவதற்காக அவ்வளவு உயரம் ஏற முடியவில்லை.

பதினேழு வருடமாக ஒரே வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மேடம், நான் ஒண்ணுமே பண்ணல மேடம்." காலையில் கதவைத் திறக்கும்போது ஒருத்தி சொல்வாள், மாலையில் பூட்டும்போது இன்னொருத்தி சொல்வாள். ஒருத்தியையும் நான் நம்பியதில்லை. நம்புவது என் வேலையில்லை. எண்ணிப் பார்த்துப் பூட்டுவதுதான் என் வேலை. இப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத ஒருவனை நம்புகிறேன். அவன் செய்யவில்லை அண்ணி.

செல்லம் கொடுத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வலையில் இருந்த ஓட்டை எவ்வளவு பெரிது? அதற்குள் ஜாமீன் நுழைவானா? உங்கள் கழுத்தில்தான் எப்போதும் டேப் தொங்குகிறதே, அளந்து பாருங்கள்.

வாண்டுக்குச் சொல்லுங்கள், மிச்சம் இருக்கும் இரண்டையும் காப்பாற்ற அத்தை பொறுப்பு. பாதுகாப்பு விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். கோழி வலை கோழியை வெளியே விடாமல் வைக்கும். உள்ளே வர நினைக்கிறவனுக்கு அது நூல் மாதிரி, பல்லாலேயே அறுப்பான். பற்றவைத்த இரும்பு வலை வாங்குங்கள், கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மேலேயும் வலை வேண்டும், பருந்துக்கும் பூனைக்கும் சுவர் ஒரு பொருட்டில்லை. கொக்கி வேண்டாம், தாழ்ப்பாள் போடுங்கள். வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி, அடியை உள்பக்கமாக மடக்குங்கள். எங்கள் சிறையில் அப்படித்தான்.

முக்கியமானது இரட்டைக் கதவு. படம் வரைந்து வைத்திருக்கிறேன். இரண்டு கதவுக்கும் நடுவில் ஓர் ஆள் குந்தி உட்காருகிற அளவுக்கு இடம். வெளிக்கதவை உள்ளே தள்ளித் திறந்தால் அது போய் உள்கதவின் தாழ்ப்பாளை மறைத்துவிடும். ஆக, முதல் கதவு மூடினால்தான் இரண்டாவதைத் திறக்க முடியும். வெளிக்கதவில் கயிறு கட்டி, கப்பி வைத்து, ஒரு கனமான பொருளைத் தொங்கவிடுங்கள். தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை. ஜாமீனைச் சங்கிலியில் கட்டுங்கள். நானே சொல்கிறேன். அவன் சங்கிலியில் இருக்கும்போது வேறு எவனாவது வந்தால், அப்போதாவது நம்புவீர்கள் அல்லவா?

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 11

வார்டரம்மாவுக்கு,

அளந்தேன். ஓட்டையின் சுற்றளவு பதினாறு அங்குலம். உன் நாயின் மார்புச் சுற்றளவு முப்பத்திரண்டு. அளக்கும்போது சட்டை தைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, கையைத் தூக்குகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. டேப் பொய் சொல்லாது, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். ஆனால் மூக்கை விட்டு இழுக்கப் பதினாறு அங்குலம் தாராளம். அதனால் என் முடிவில் மாற்றமில்லை. மாதக் கடைசி மாதக் கடைசிதான்.

(நீங்கள் என்று ஆரம்பித்து நீ என்று வந்துவிட்டேன். அடித்துவிட்டு எழுத நேரமில்லை, பள்ளிச் சீருடை நாற்பது சட்டை பாக்கி.)

கூண்டு கட்டியாகிவிட்டது. உன் அண்ணன் பஸ் ஓட்டுவதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கிற மனிதர். இரண்டு நாள் லீவ் போட வைத்துக் குழி வெட்டச் சொன்னேன். "மொசலுக்கு வீடா, இல்ல மந்திரிக்கு பங்களாவா?" என்று கேட்டார். "நீங்க கட்டுன கோழி வலைக்கு ரெண்டு உசுரு போச்சு, பேசாம வெட்டுங்க" என்றேன். பேசாமல் வெட்டினார். வலையும் வலையும் சேரும் இடத்தை மெல்லிய கம்பியால் நானே தைத்தேன், நெருக்கத் தையல். விரலில் எட்டு இடத்தில் குத்து. கயிற்றில் தொங்கவிடக் கனமான பொருள் கேட்டாயே, என்னுடைய பழைய இஸ்திரிப் பெட்டியைக் கட்டிவிட்டேன். சூடுதான் ஏறாது, கனத்துக்குக் குறைச்சலில்லை.

கால்நடை மருத்துவர் ஒன்று சொன்னார். நாடாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையாம். "பயத்துலயே போயிருக்கும்மா. மொசலுக்கு அப்படித்தான், வலைக்கு அந்தப் பக்கம் நின்னு மொறச்சாலே போதும்" என்றார். எனக்கு ஆடிப் போய்விட்டது. எவ்வளவு கெட்டியாக வலை போட்டாலும் பயம் அதற்குள் புகுந்துவிடுமே. அதனால் இரண்டு வழி வைத்த ஒரு மரப்பெட்டி உள்ளே வைத்தேன், ஓடி ஒளிய. உள்கதவு முழுவதும் கனத்த திரைத்துணி அடித்தேன், வெளியே நிற்பது எதுவும் தெரியாதபடி. மாடிவீட்டு அம்மாள் ஜன்னல் திரைக்குக் கொடுத்த துணியில் மிச்சம். பூப்போட்டது. மந்திரி பங்களாவுக்குக் குறைவில்லை.

ஒரு பிடி புல் போட இரண்டு கதவைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. உன் புத்தி உன்னை விட்டுப் போகாது.

நாய் முன்வாசல் அடிபம்பில் கட்டியிருக்கிறது. சாப்பிடுகிறது.

அண்ணி


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணி,

"சாப்பிடுகிறது" என்று ஒரு சொல் எழுதினீர்களே, அதற்காக நன்றி. அந்த வரியை மட்டும் நாலு முறை படித்தேன்.

ஜாமீன் எனக்கு எப்படிக் கிடைத்தான் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய சிறையின் வாசலில், மழையில், குட்டியாகக் கிடந்தான். அன்றைக்கு ஒருத்திக்கு ஜாமீன் கிடைத்து, அழைத்துப் போக ஆள் வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து இந்தக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாலையில் அவள் அம்மா வந்தாள், இவள் எழுந்து போனாள், குட்டி தனியாக நின்றது. நான் தூக்கிக்கொண்டேன். ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்குப் போனால் எண்ணிப் பார்க்க எனக்கு ஓர் உயிர் இருந்தது. இப்போது வீட்டுக்கு வந்தும் பழக்கத்தில் எண்ணிவிடுகிறேன். ஒன்று என்று வருகிறது, அது நான்தான்.

இங்கே குடியிருப்பில் நாய் வைக்க அனுமதியில்லை. மேலதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறேன். அவர் மேஜையில் என் மனு இருக்கிறது, அதன் மேல் அவருடைய டீ கிளாஸ் இருக்கிறது. காப்பகத்துக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். ஒன்பது வயது நாயை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

சங்கிலி கழுத்தை அறுக்காமல் ஒரு துணிப்பட்டை தைத்துப் போட முடியுமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன்.

நாத்தனார்


செப்டம்பர் 17

வார்டரம்மா,

துணிப்பட்டையைப் பிறகு பார்க்கலாம். முதலில் உன் பிளானைப் பற்றிப் பேசலாம்.

நேற்று விடியற்காலை, உன் அண்ணன் டிப்போவுக்குக் கிளம்பும் முன் புல் போடப் போனார். கூண்டின் பின்பக்கம் மண் பறந்துகொண்டிருந்தது. எதுவோ ஒன்று தலையை உள்ளே விட்டு, பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய, மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. இவர் "டேய்!" என்று கத்தியிருக்கிறார். ஒரு வால் தெரிந்ததாம். அவ்வளவுதான், வேலி தாண்டிப் போய்விட்டது. "என்ன பிராணிங்க?" என்றால் "வால் இருந்துச்சு" என்கிறார். பஸ் ஓட்ட இவருக்கு எப்படி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

போய்ப் பார்த்தேன். வலையை மண்ணுக்குள் இறக்கி உள்பக்கமாக மடக்கச் சொன்னாய். வெளியிலிருந்து தோண்டினவனுக்கு ஒரு தடையும் இல்லை. வலையை ஒட்டியே செங்குத்தாகக் கீழே போயிருக்கிறான், இன்னும் நாலு விரற்கடை தோண்டினால் அடியில் வளைந்து உள்ளே வந்திருப்பான். பொத்தானும் பாபினும் பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. வாண்டு கூண்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்து, "அத்தை பொறுப்புன்னு சொன்னாங்களே" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

ஏன் தெரியுமா இப்படி ஆனது? உன் சிறையில் திருடர்கள் உள்ளே இருக்கிறார்கள். என் வீட்டில் வெளியே இருக்கிறார்கள். நீ முயல் தப்பி ஓடாமல் இருக்க வேலி போட்டிருக்கிறாய்!

கோபம் தணிந்த பிறகு யோசித்தேன். தோண்டுகிற பிராணி சுவரின் அடியில்தான் ஆரம்பிக்கும். நாலடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. ஆக வலை உள்ளே மடங்கக் கூடாது, வெளியே விரிய வேண்டும், குடைப் பாவாடை மாதிரி. நேற்றே வெட்டி ஒட்டுப் போட்டேன். கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வலைப் பாவாடை, தரையோடு தரையாக. மேலே மண்ணும் புல்லும் போட்டு மூடியாகிவிட்டது. எவன் வந்து காலை வைத்தாலும் காலுக்குக் கீழே கம்பிதான். மூலைகளில் மட்டும் கொசுவம் வைக்க வேண்டியிருந்தது.

நீ கேட்கப் போவது தெரியும். ஆமாம், நேற்று உன் நாய் சங்கிலியில்தான் இருந்தது. விடிவதற்கு முன்பே ஊளையிட்டது, நான்தான் ஜன்னல் வழியாக "சும்மா கெட" என்று அதட்டினேன். ஆனால் வெளியே இன்னொரு திருடன் இருக்கிறான் என்பதால் முதல் திருட்டை உன் ஆள் செய்யவில்லை என்று ஆகிவிடாது. வாயில் முடி இருந்தது. அதற்குப் பதில் சொல்.

அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணி,

பதில் இல்லை. கோர்ட்டிலும் இதையேதான் கேட்பார்கள்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று மதிலோரம் நடந்தேன். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக வெளியில் நின்று பார்த்தேன். கம்பி முள் எல்லாம் உள்பக்கம் பார்த்து வளைந்திருக்கிறது. வெளியிலிருந்து எவளாவது உள்ளே வர ஆசைப்பட்டால் ஏணிகூட வேண்டாம். உள்ளேயே பார்த்துப் பார்த்து என் கண் அப்படிப் பழகிவிட்டது. வாண்டுவை அழ வைத்தது நான். அவளிடம் சொல்லுங்கள், அத்தை தப்பு செய்தாள், அம்மா திருத்திவிட்டாள் என்று. குடைப் பாவாடை எனக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

ஒன்றே ஒன்று. கோபத்தில் இரட்டைக் கதவைக் கழற்றிவிடாதீர்கள். அது வார்டர் புத்தி இல்லை, தங்கை புத்தி. என் அண்ணன் பிறந்ததிலிருந்து எதையும் மூடியதில்லை. பேனா மூடி, பற்பசை மூடி, தண்ணீர்க் குழாய், பீரோ. நீங்கள் எவ்வளவு நல்ல தாழ்ப்பாள் போட்டாலும் அவர் ஒரு நாள் போட மறப்பார். அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இரண்டாவது கதவைக் கண்டுபிடித்தார்கள்.

மனு அதே மேஜையில்தான் இருக்கிறது. டீ கிளாஸ் இப்போது வேறு பக்கம்.

நாத்தனார்


செப்டம்பர் 24

என் தங்கமே, என் நாத்தனாரே,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

பிடித்துவிட்டோம்!

காலை ஆறரை இருக்கும், நல்ல வெளிச்சம். முதல் சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் ஜாமீன் குரைக்க ஆரம்பித்தான். வழக்கமான குரைப்பு இல்லை, சங்கிலியே அறுந்துவிடும் போல எகிறி எகிறி. இந்த முறை நான் அதட்டவில்லை. கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கொல்லைக்கு ஓடினேன்.

கூண்டைச் சுற்றிப் பாவாடை ஓரத்தில் ஆறு இடத்தில் பிறாண்டிய தடம். ஆறிலும் கம்பியைத் தொட்டுத் தோற்றுத் திரும்பியிருக்கிறான். அப்புறம் வாசலுக்கு வந்திருக்கிறான். உன் அண்ணன், நீ எழுதினபடியே, புல் போட்டுவிட்டு வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் டிப்போவுக்குப் போயிருந்தார். அவன் மூக்கால் தள்ளியிருக்கிறான், கதவு திறந்திருக்கிறது, உள்ளே போயிருக்கிறான். பின்னாலேயே என் இஸ்திரிப் பெட்டி கதவை இழுத்து மூடிவிட்டது. தள்ளத்தான் அவனுக்குத் தெரியும், இழுக்கத் தெரியாதே. முன்னால் உள்கதவு, தாழ்ப்பாள் போட்டது. நான் போனபோது இஸ்திரிப் பெட்டி இன்னும் கயிற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நடு இடத்தில், என் பூப்போட்ட திரைக்கு முன்னால், ஒரு நரி!

நரி என்றால் முழு நரி. என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் முதலில் முயல்களைத்தான் நினைத்தேன். பயத்திலேயே போய்விட்டிருக்குமோ என்று பின்பக்கம் ஓடினேன். பின்பக்க வலை வழியாகக் குனிந்து பார்த்தால், திரைக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் பொத்தான் மென்றுகொண்டிருக்கிறது, பாபின் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது. ஒரு முழத் தூரத்தில் எமன் நிற்பது இரண்டுக்கும் தெரியவே தெரியாது. எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

தெரு கூடிவிட்டது. ஏழேகால் டிரிப்பில் உன் அண்ணன் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், பின்னாலேயே பயணிகளும் கண்டக்டரும். எல்லாரிடமும் "நான்தான் கதவ தெறந்து வச்சேன்!" என்று மார்தட்டுகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய மறதிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உன் கேள்விக்கு, இல்லை, என் கேள்விக்குப் பதில்.

நரியின் வால் பக்கம் ஒரு கை அகலத்துக்கு முடியே இல்லை. புண் ஆறி, வழவழவென்று இருந்தது. வாண்டு வலைக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூன்று வாரமாக யாரையும் தொட விடாதவள், என் உள்ளங்கையில் அந்த முடியை வைத்து, "அம்மா, நீ தொட்டுப் பாரு" என்றாள்.

இருபது வருடமாக நான் துணியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை, விரலால்தான் பார்க்கிறேன். கலப்படத்தை இருட்டிலும் சொல்லுவேன். தொட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது. முயல் முடி பஞ்சு மாதிரி இருக்கும். இது சொரசொரவென்று, துடைப்பக் குச்சி மாதிரி, நுனி மட்டும் கறுப்பு. பாவம் என் பெண், மூன்று வாரமாக நரி முடியை வைத்துக்கொண்டு காஜாவுக்காக ஏங்கியிருக்கிறாள். நான் அன்றைக்கே ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். குழந்தை மனசு நோகுமே என்று தொடாமல் விட்டேன். ஒரு நாயின் மனசை மூன்று வாரம் நோகடித்தேன்.

நடந்தது இதுதான். நரி காஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உன் பிள்ளை துரத்திப்போய் வாலைக் கவ்வினான். அது திரும்பிக் காதைக் கடித்திருக்கிறது. கம்பி கிழித்தது என்று நான் நினைத்த காதில் இப்போது உற்றுப் பார்த்தால் பல் பதிந்த தடம் இரண்டு, பொட்டு வைத்தது போல. அது காஜாவைப் போட்டுவிட்டு ஓடியது. இவன் அந்தச் செத்த உயிருக்குக் காவலாக, வாயில் இருந்த முடியைக்கூடத் துப்பாமல், நான் வருகிற வரை அங்கேயே படுத்திருந்தான். நான் வந்து அவனை விறகுக் கட்டையால் அடித்தேன். அதை நான் உனக்கு எழுதவேயில்லை. இப்போது எழுதுகிறேன்.

போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன். நேராகக் கொல்லைக்கு வந்தான். நரியைப் பார்த்து ஒரு குரைப்புக்கூட இல்லை. வெளிக்கதவின் முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டான். வனத்துறை ஆட்கள் கூண்டோடு வந்து நரியைப் பிடித்துக் காட்டுக்குக் கொண்டுபோகிற வரை, இரண்டு மணி நேரம், எழுந்திருக்கவில்லை. வாண்டு அவன் முதுகில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நான் தோற்றுவிட்டேன், நீ ஜெயித்துவிட்டாய். இவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

உன் அண்ணி


செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணி,

உங்களிடமிருந்து ஐந்து நாளாகக் கடிதம் இல்லை. ஆனாலும் நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று மேலதிகாரி கூப்பிட்டார். மனுவை மேஜையில் எதிரே வைத்துக்கொண்டு, "நாய்க்காக யாராவது நாலு பக்கம் எழுதுவாங்களாம்மா?" என்று கேட்டார். "எழுத வேற யாரும் இல்ல சார்" என்றேன். பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டார். குடியிருப்பின் கடைசி வீடு, நாய்க்கு அனுமதி. இந்தச் சிறையின் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவையாம்.

மாதக் கடைசி என்று சொல்லியிருந்தீர்கள். நாலாம் தேதி சனிக்கிழமைதான் லீவ் கிடைத்தது. நாலு நாள் மட்டும் பொறுங்கள். வந்து அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். அவன் நல்லவனா கெட்டவனா என்று இனி நாம் வழக்காட வேண்டாம். உங்களுக்கும் வாண்டுக்கும் நிம்மதி, எனக்கும் வீட்டில் எண்ண இரண்டு பேர்.

இரண்டு வருடம் சோறு போட்டீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

நாத்தனார்


செப்டம்பர் 28

அடியே,

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்க்காமலே தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையது கிடைத்திருக்கும், எல்லாம் தெரிந்திருக்கும். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை வா. ஒரு வாரம் இருக்கிற மாதிரி வா. மாடி அறையில் புதுத்திரை போட்டிருக்கிறேன், அதே பூப்போட்ட துணி. ஆனால் நாயை அழைத்துப் போகிற நினைப்பை அங்கேயே வைத்துவிட்டு வா. அவனை நான் அனுப்புவதாக இல்லை. அழைத்துப் போ என்று எழுதினவளும் நான்தான், தெரியும். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு.

அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது. காலையில் உன் அண்ணன் புல் போடப் போகும்போது கூடவே போகிறான். அவர் தாழ்ப்பாள் போடுகிற வரை வழியை விடுவதில்லை, குறுக்கே நிற்கிறான். நான்கு நாளாக உன் அண்ணன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறார், என்னாலேயே பதினான்கு வருடத்தில் முடியாத காரியம். பிறகு கூண்டை ஒரு சுற்று சுற்றிப் பாவாடை ஓரம் முழுவதும் மோந்து பார்க்கிறான். ஆறாவது வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் வந்து இரட்டைக் கதவைப் படம் வரைந்துகொண்டு போனார்கள். அவர்களையும் சுற்றி வந்து மோந்துவிட்டுத்தான் விட்டான்.

நேற்று பாபின் வலையோரம் வந்து உட்கார்ந்தது. அவன் வலைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தான். இரண்டும் மூக்கோடு மூக்கு. பாபின் ஓடவில்லை. மூக்கு மட்டும் துடித்தது. வாண்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும்.

நீ கேட்ட துணிப்பட்டையை அன்றே தைத்துவிட்டேன், சொல்லத்தான் இல்லை. உள்ளே பஞ்சு வைத்து, இரட்டைத் தையல். சங்கிலி இனிக் கிடையாது, பட்டை மட்டும் சும்மா அழகுக்குக் கழுத்தில்.

உனக்குத்தான் வீட்டில் ஆள் இல்லாமல் போகும் என்று எனக்கு உறைக்கிறது. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். மாற்றலுக்கு மனு எழுது. நாய்க்கு நாலு பக்கம் எழுதினவள் உனக்காக எட்டுப் பக்கம் எழுத மாட்டாயா? அதுவரை மாதம் ஒரு தடவை இங்கே வந்து எண்ணிப் பார். இரண்டு முயல், ஒரு நாய், ஒரு வாண்டு, மூடப் பழகிக்கொண்டிருக்கும் ஓர் அண்ணன், நான்.

உன் அண்ணி


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணி,

உங்கள் இருபத்து நாலாம் தேதிக் கடிதத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன், போன் பேச இல்லை, யார் கண்ணிலும் படாமல் அழ. இருபத்தெட்டாம் தேதிக் கடிதத்தைக் கீழேயே படித்தேன். சத்தமாகச் சிரித்ததில் இரண்டாவது பிளாக் கைதிகள் எட்டிப் பார்த்தார்கள். நரி கதையைச் சொன்னேன். "பாத்தீங்களா மேடம், ஒண்ணும் பண்ணாதவங்களும் உள்ள மாட்டிக்குவாங்க" என்று ஒருத்தி சொன்னாள். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக நான் பூட்டிவிட்டு நகராமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் கதை என்ன, சொல்லு" என்றேன்.

விறகுக் கட்டையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவன் மறந்திருப்பான். நீங்களும் மறந்துவிடுங்கள்.

இன்று காலை அனுமதிக் கடிதத்தை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். "என்னம்மா, அவ்வளவு போராடி வாங்கிட்டு?" என்றார்.

"நாய்க்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிடுச்சு சார்" என்றேன். கூடவே எட்டுப் பக்க மனுவையும் வைத்தேன். டீ கிளாஸை அவரே நகர்த்தி வைத்துவிட்டு, முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை வருகிறேன். வாண்டுவிடம் சொல்லுங்கள், அத்தை வந்ததும் முதலில் கூண்டைத்தான் பார்ப்பாள். வெளிக்கதவை மூடிவிட்டுத்தான் உள்கதவைத் திறப்பாள்.

உங்கள் நாத்தனார்